14 வருடம் நின்ற மாரிஸ் மைனர் 1000: இன்ஜின் கால் சுற்றோடு நின்றுவிடுகிறது, எங்கிருந்து தொடங்குவது?

நாலுசிலிண்டர்:

வண்டி 1963 மாரிஸ் மைனர் 1000, 1098 சிசி. கூரைக்கு அடியில்தான் இருந்தது, ஆனால் 14 வருடமாக அசையவில்லை. இப்போதைய நிலை இது:

பேட்டரி இல்லை. டேங்கில் பாதி அளவு பெட்ரோல் இருக்கிறது, பெயின்ட் வாடை அடிக்கிறது. பிரேக் மிதி தரைவரை போகிறது. ரேடியேட்டர் காலி. ஆயில் கறுத்திருந்தாலும் அளவு சரியாக இருக்கிறது. முன்பக்க ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேல் நகர்ந்து நின்றுவிடுகிறது. திருப்பிச் சுற்றினாலும் அப்படியே.

இது சீஸ் ஆனதுதானா (இன்ஜின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டதா)? ஹெட்டைக் கழற்றாமல் விடுவிக்க வழி உண்டா? பிரேக்குக்கு ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதுமா, வழக்கமான பிரேக் ஆயிலுக்குப் பதில் சிலிக்கோன் வகை டாட் 5 ஊற்றலாமா? கடைசியாக ஒயரிங்: பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் பாடியோடு இணைந்திருப்பது) அப்படியே விடுவதா, நெகட்டிவுக்கு மாற்றுவதா? இரண்டு ஸ்பாட் லைட்டும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் போட எண்ணம்.

எண்ணெய்க்கை:

முதல்ல நாலு பிளக்கையும் கழட்டிட்டுச் சுற்றிப் பாருங்க. பிளக் இருந்தா கம்ப்ரஷனும் சேர்ந்து எதிர்க்கும், எது எதுன்னு கைக்குத் தெரியாது. ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலும் மத்த விரல்களும் ஒரே பக்கம் இருக்கணும். இன்ஜின் திருப்பி உதைச்சா கட்டைவிரல்தான் போகும்.

கவனிக்க வேண்டியது, எப்படி நிற்குதுங்கறது. கொஞ்சம் கொஞ்சமா இறுகி நின்னா சிலிண்டர் சுவர்ல துரு. பிஸ்டன் நின்ன இடத்துக்கு மேல ஈரம் பட்டு ஒரு வளையமா துரு பிடிச்சிருக்கும், ரிங்குகள் அதுல போய் மாட்டுது. "டக்"னு ஒரே இடத்துல இடிச்சு நின்னா துரு இல்லை: சிலிண்டருக்குள்ள தண்ணி தேங்கியிருக்கலாம், இல்லன்னா எலி கொண்டுபோன கொட்டையோ கழண்டு விழுந்த நட்டோ இருக்கலாம். தண்ணின்னா பிளக்கை எடுத்ததும் ஓட்டை வழியா பீய்ச்சும், அப்போ ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்க.

துருன்னா ஒவ்வொரு சிலிண்டருக்கும் 30 மில்லி துருநீக்கி எண்ணெய் ஊத்துங்க. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தாலும் நல்லாவே ஊறும். ஆனா அசிட்டோன் சீக்கிரம் பத்திக்கும், பெயின்ட்டையும் தின்னும். மூணு, நாலு நாள் விடுங்க. தினமும் ரெண்டு பக்கமும் மெதுவா அசைங்க, முன்னாடி போறதை விடப் பின்னாடி வர்றது முக்கியம், துருத் தூள் அப்பதான் விலகும். ஸ்டார்ட்டரை வச்சு மட்டும் உடைக்கப் பார்க்காதீங்க. பிஸ்டன் ரிங் உடையும், இல்லன்னா ஃப்ளைவீல் பல் போகும்.

சுற்றுறதுக்கு முன்னாடியே ராக்கர் கவரைத் (வால்வுகளுக்கு மேல இருக்கற மூடி) திறந்துடுங்க. ஒட்டிக்கிட்ட வால்வு ஒண்ணு இருந்தாலும் புஷ்ராட் (வால்வைத் திறக்க ராக்கரைத் தள்ளுற கம்பி) வளைஞ்சுடும்.

நாலுசிலிண்டர்:

பிளக்கை எடுத்த பிறகும் இறுகித்தான் நின்றது, இடிக்கவில்லை. எண்டோஸ்கோப் கேமராவை விட்டுப் பார்த்தால் 3ஆவது சிலிண்டரில் மட்டும் பழுப்பு வளையம். எண்ணெய் ஊற்றி ஐந்தாம் நாள் முழுச் சுற்று வந்துவிட்டது. ஆனால் முன்னாலிருந்து எண்ணினால் 5ஆவது வால்வின் ராக்கர் எந்த நிலையிலும் லொடலொடவென்று ஆடுகிறது.

எண்ணெய்க்கை:

ரெண்டும் ஒரே கதைதான். ஏ-சீரிஸ் இன்ஜின்ல (உங்க மைனர்ல இருக்கறது அதுதான்) 5ஆவது வால்வு 3ஆவது சிலிண்டரோட எக்ஸாஸ்ட். அது திறந்த நிலையில நின்னிருக்கு, சைலன்சர் வழியா வந்த ஈரம் நேரா அந்தச் சிலிண்டருக்குள்ள இறங்கியிருக்கு. வால்வு தண்டு கைடுல ஒட்டிக்கிட்டதால ஸ்பிரிங்கால மேல இழுக்க முடியலை, அதனால ராக்கர் தொங்குது.

அந்த புஷ்ராடை உருவி எடுத்து, கண்ணாடி மேல உருட்டி, நேரா இருக்கான்னு பாருங்க. தண்டுல எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. பிஸ்டனை உச்சியிலிருந்து கீழ இறக்கிட்டு, ஸ்பிரிங் தொப்பி மேல பிளாஸ்டிக் சுத்தியலால லேசா தட்டுங்க. வால்வு கொஞ்சம் இறங்கி, ஸ்பிரிங் அதை மேல தள்ளும். திரும்பத் திரும்ப எண்ணெய், தட்டு. தானா "டப்"னு மூடுற வரைக்கும் இது. ரெண்டு நாள்ல வரலைன்னா ஹெட்டைக் கழட்டுறதைத் தவிர வழி இல்லை.

விடுபட்டதும் எல்லா வால்வுக்கும் இடைவெளி வைங்க, குளிர்ந்த நிலையில 0.012 அங்குலம் (0.30 மி.மீ.). கணக்கு எளிது, கூட்டினா ஒன்பது வரணும்: 8ஆவது வால்வு முழுசா திறந்திருக்கும்போது 1ஆவதைச் சரிபண்ணுங்க, 4 திறந்திருக்கும்போது 5ஐ.

ஒட்டினது எக்ஸாஸ்ட் வால்வு, துருப்பிடிச்ச சிலிண்டரும் அதுதான். அதனால கம்ப்ரஷன் டெஸ்ட்டை முதல் தடவை ஓடி சூடேறின பிறகு எடுங்க. மத்த மூணை விட 3ஆவது 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா, அதுல ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப எடுங்க. அளவு ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு.

திருகுசாவி:

இன்ஜின் மேல் எல்லாருக்கும் ஆசை, அதனால் பிரேக் கடைசியில் வருகிறது. தயவுசெய்து இந்த வரிசையை மாற்றுங்கள். மைனரில் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஒரே ஒரு சுற்றுதான்; எங்கே ஒரு ரப்பர் போனாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். கையில் மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும்.

14 வருடத்துக்குப் பிறகு கிட் மட்டும் போதாது. வழக்கமான கிளைக்கால் வகைப் பிரேக் திரவம் (டாட் 3, டாட் 4) காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் பிரேக் சிலிண்டருக்குள் குழிகுழியாகத் துருவை உண்டாக்கும். புது ரப்பர் அந்தக் குழியின் மேல் ஓடினால் சில வாரத்தில் கிழியும். விரல் நகத்தை உள்ளே விட்டு ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சிலிண்டரை மாற்றுங்கள், அல்லது பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை போடுங்கள். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீல் சிலிண்டர், பின்னால் ஒவ்வொன்று, மொத்தம் ஆறு.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், சேஸிஸின் நீளச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டை உருவ டார்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும். பாரை இறக்கி நகர்த்தாமல் முடியாது. இந்த ஒரு வேலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கிவையுங்கள். அதனாலேயே, ஒருமுறை திறந்தால் பழைய சிலிண்டரைத் திரும்பப் பூட்டாதீர்கள்.

ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். மிதிக்கும் அழுத்தம் அந்த வீக்கத்தைத் தாண்டித் திரவத்தைத் தள்ளிக்கொண்டு போகும், காலை எடுத்தால் திரவம் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே சூடாகும். மூன்று ஹோஸையும் மாற்றுங்கள்.

டாட் 5 பற்றி: அது ஈரம் உறிஞ்சாது, பெயின்ட்டைக் கெடுக்காது, நீண்ட நாள் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு ஏற்றது. ஆனால் டாட் 3, 4 உடன் கலக்காது. பழைய ரப்பர் ஒன்று கூட மிஞ்சக் கூடாது, குழாய்களையும் முழுக்கக் கழுவ வேண்டும். ஊற்றும்போது நுண்குமிழி பிடிக்கும். அசைக்காமல், மெதுவாக ஊற்றி, மறுநாள் மீண்டும் காற்றெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், டாட் 5.1 சிலிக்கோன் இல்லை, அது கிளைக்கால். உங்கள் வண்டி அடிக்கடி ஓடப்போகிறதென்றால் டாட் 4 ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே என் பரிந்துரை.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் போடுங்கள்.

பழையஇரும்பு:

எரிபொருள் பக்கம் யாரும் இன்னும் தொடவில்லை. பெயின்ட் வாடை என்றால் பெட்ரோல் கெட்டு அரக்காக மாறிவிட்டது. ஒரு சொட்டுக்கூட கார்புரேட்டருக்குப் போகக் கூடாது. மைனரில் டேங்க் டிக்கித் தரைக்கு அடியில் தொங்குகிறது, இறக்குவது கடினமில்லை. வடித்த பிறகு துருவுக்கு 5 முதல் 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலை வெதுவெதுப்பாக நிரப்பி ஒரு நாள் வையுங்கள். பிறகு சமையல் சோடாக் கரைசலால் கழுவி, அன்றே உலர்த்துங்கள். ஈரமாக விட்டால் சில மணி நேரத்தில் புதுத் துரு பிடிக்கும். உள்பூச்சு வேண்டுமென்றால் துரு முழுதும் போன பிறகுதான். தளர்ந்த துருவின் மேல் பூசினால் எத்தனால் கலந்த பெட்ரோல் அதை உரித்துத் தாள்தாளாகக் கொண்டுவந்து குழாயை அடைக்கும்.

எல்லா ரப்பர் குழாய்களும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 தரத்தில் இருக்கட்டும், அது எத்தனாலைத் தாங்கும்.

எஸ்.யூ. நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்பு பேசும், கேட்கத் தெரிய வேண்டும். சுவிட்ச் போட்டதும் வேகமாக டிக்டிக், பிறகு வேகம் குறைந்து நின்றால் நலம். நிற்காமல் ஓடினால் உறிஞ்சும் பக்கம் காற்று நுழைகிறது, அல்லது ஃப்ளோட் ஊசி (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஊசி) மூடவில்லை. சத்தமே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் பாயிண்ட் (மின்தொடர்பு முனை) கறுத்திருக்கும்; மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை இழுங்கள்.

ஃப்ளோட் ஊசியை அலட்சியம் செய்யாதீர்கள். இந்த இன்ஜினில் கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே இருக்கிறது. ஊசி ஒட்டிக்கொண்டால் வழியும் பெட்ரோல் சூடான இரும்பில்தான் விழும். ஊசியையும் அது உட்காரும் சீட்டையும் புதிதாகப் போடுங்கள். முதல் தடவை ஓட்டும்போது தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கார்புரேட்டர் பிஸ்டனைத் தூக்கி விட்டால் "டக்" என்று தடையில்லாமல் விழ வேண்டும். அந்தப் பிஸ்டனுக்கு மேலுள்ள எண்ணெய்க் குழியில் (டேஷ்பாட்) எஸ்.ஏ.இ. 20 ஆயில். பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை முழுக்க மேலே ஏற்றி, 12 பட்டை (இரண்டு சுற்று) கீழே இறக்கினால் ஓடத் தொடங்கும். சூடான பிறகு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள்: வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலே ஏற்றுங்கள். இன்ஜின் தடுமாறினால் குறைவு, கீழே இறக்குங்கள். ஒரு நொடி ஏறிப் பழைய வேகத்துக்கு வந்தால் சரியான கலவை.

செம்புக்கம்பி:

பாசிட்டிவ் எர்த்தை மாற்றக் கட்டாயம் இல்லை. மாற்றினால் பேட்டரி முனைகளை மட்டும் திருப்பினால் போதாது. காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும், டைனமோவுக்குத் துருவம் ஏற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் 14 வருடத்தில் அதன் காந்தம் தளர்ந்திருக்கும், அதனால் இதை எப்படியும் செய்யுங்கள்: டைனமோவின் இரண்டு ஒயரையும் கழற்றி, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை டைனமோவின் சிறிய முனையில் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். பொறி பறக்கும், அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கும்போது பாசிட்டிவ் எர்த் வகையா என்று பாருங்கள். தவறான வகையை இணைத்தால் சாவி போட்ட நொடியில் கருகும். என்னைக் கேட்டால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் பழைய பாயிண்டிலேயே ஓட்டுங்கள். இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம், எரியும் வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் ஆர்ம் ரிவெட் இல்லாத வகையாக இருக்கட்டும். ரிவெட் வைத்த மலிவு வகைகளில் அந்த ரிவெட் வழியாகவே மின்சாரம் தண்டுக்கு இறங்கி, சூடான பிறகு வண்டி நிற்கும். அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவார்கள்.

ஸ்பாட் லைட்டுக்கு முன் கணக்குப் போடுங்கள். லூகாஸ் சி40 டைனமோ கொடுப்பது அதிகபட்சம் 22 ஆம்பியர், அதுவும் நல்ல வேகத்தில். ஹெட்லைட் 8, பின் விளக்குகள் 2, இக்னிஷன் 4, வைப்பர் 3, ஆக 17. அதன் மேல் 48 வாட் ஸ்பாட் இரண்டு என்றால் இன்னொரு 8. பேட்டரி காலியாகிக்கொண்டே போகும். பொருத்துவதானால் ரிலே வைத்து, நீண்ட பயணத்தில் தொடர்ந்து எரிய விடாமல் பயன்படுத்துங்கள். எல்.இ.டி. பல்புக்கும் துருவம் உண்டு, பாசிட்டிவ் எர்த்துக்கான வகையை வாங்குங்கள். இண்டிகேட்டரில் போட்டால் பழைய ஃப்ளாஷர் வேலை செய்யாது.

இன்னொன்று: ஃப்யூஸ் பெட்டியில் 35 என்று எழுதியிருப்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். புதுவகை 35 ஆம்பியர் ஃப்யூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. அதைப் போட்டால் ஃப்யூஸுக்கு முன் ஒயர் உருகும்.

எண்ணெய்க்கை:

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி: சிலிண்டர்ல ஊத்தின எண்ணெய் எல்லாம் சம்ப்புக்கு (இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) இறங்கியிருக்கும், அதனால ஆயில், ஃபில்டர் ரெண்டையும் மாத்துங்க. துத்தநாகச் சேர்ப்பு உள்ள 20டபிள்யூ-50 நல்லது, தட்டை டேப்பெட் உள்ள கேம்ஷாஃப்ட்டுக்கு அது வேணும். பிளாக் பின்பக்க வடிகால் குழாயைத் திறந்தா தண்ணி வராது, அங்கே சேறு கட்டியிருக்கும், கம்பியால குத்தி எடுத்துட்டுக் கழுவுங்க. அப்புறம் பிளக் இல்லாம ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியா சுத்துங்க, ஆயில் விளக்கு அணையற வரைக்கும். அணைஞ்ச பிறகுதான் பிளக்கைப் போடணும்.

கிளட்ச் ஒட்டியிருந்தா அவசரப்படாதீங்க. இன்ஜின் நல்லா சூடான பிறகு மிதியை அமுக்கிக் கட்டையால முட்டுக்கொடுத்து ராத்திரி முழுக்க விட்டாலே பல நேரம் விட்டுடும்.

திருகுசாவி:

சாலையில் இறக்கும் முன் முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, கீழ் ட்ரன்னியன்களுக்கு (முன்சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மரையுள்ள மூட்டு) கிரீஸ் அடியுங்கள்; பழைய கிரீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை. நிப்பிள் அடைத்திருந்தால் மாற்றுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிரீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்தால் ஒரு நாள் கழன்று சக்கரம் மடங்கி வண்டியின் அடியில் போகும். ஓடத் தொடங்கியபின் ஆயிரம் மைலுக்கு ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள்.

டயரில் கோடு எத்தனை மிச்சம் என்று பார்க்காதீர்கள், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் தயாரான வருடம். 14 வருடம் ஒரே இடத்தில் அழுந்தி நின்ற டயரில் அதைப் பார்க்கவே தேவையில்லை, ஐந்தையும் ட்யூபோடு மாற்றிவிடுங்கள்.