ஆபீஸ் ஏசி: 24-ல் வைத்தாலும் கழுத்தில் குளிர் அடிப்பது ஏன்?

ஃபெசிலிட்டி மேலாளர்
சென்னை ஓஎம்ஆர் பக்கம் கண்ணாடி போர்த்திய கட்டடங்களில் தினமும் வரும் புகார் இது. மேற்கு ஜன்னலோரம் இருப்பவர் ஏசி ஓடுகிறதா என்று கேட்பார். நாலு சீட் தள்ளி இருப்பவர் சால்வை போர்த்தியிருப்பார். தெர்மோஸ்டாட் 24 காட்டும். எல்லோரும் செட் பாயின்டைத்தான், அதாவது நாம் வைக்கும் டிகிரியைத்தான், ஏற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் என்ன பார்ப்பீர்கள்? என் அனுபவத்தில் முதலில் தெர்மோஸ்டாட்டின் சென்சார் இருக்கும் இடம். ஏசி போட்ட பிற்பாடு கேபின் தடுத்திருப்பார்கள். சென்சார் கேபினுக்குள், சீலிங்கில் காற்று விடும் டிஃப்யூசர்களில் பாதி வெளியே. உள்ளே ஆறு பேர் மீட்டிங் போட்டால் வெளியே இருப்பவர் நடுங்குவார். பிரிண்டருக்கு மேலோ, மாலை வெயில் படும் தூணிலோ மாட்டியிருந்தாலும் இதே கதிதான்.

ஏசி சர்வீஸ் & பேலன்ஸிங்
சென்சார் சரி என்றால் அடுத்து காற்றின் வேகம். விசிறி வைத்த அனிமாமீட்டர் (காற்று வேகமானி) இந்தச் சின்ன வேகத்துக்கு உதவாது, சூடான கம்பியால் அளக்கும் ஹாட் வயர் வகை வேண்டும். புகார் சொன்ன சீட்டிலேயே தரையிலிருந்து 10, 60, 110 செ.மீ. உயரத்தில், அதாவது கணுக்கால், இடுப்பு, கழுத்து மட்டத்தில், மூன்று நிமிடச் சராசரி எடுங்கள்.

டென்மார்க்கின் ஓலே ஃபாங்கரும் சக ஆய்வாளர்களும் 1988-ல் தந்த சூத்திரம், அறையின் வெப்ப வசதிக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7730-ல் இருக்கிறது. காற்று 23 டிகிரி, வேகம் விநாடிக்கு 0.25 மீட்டர், கொந்தளிப்பு (வேகத்தின் ஏற்ற இறக்கம்) 40 சதவீதம் என்று போட்டால், நூற்றுக்கு 28 பேர் காற்று அடிக்கிறது என்பார்கள். வேகத்தை மாற்றாமல் 25 டிகிரிக்கு ஏற்றினால் 23 பேர். 23 டிகிரியிலேயே வேகத்தை 0.15-க்கு இறக்கினால் 14 பேர். அந்தத் தரத்தின் மூன்று பிரிவுகளில் நடுப்பிரிவுக்கு வரம்பு 20 பேர். செட் பாயின்ட் ஏற்றுவதில் எவ்வளவு கிடைக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

தேவைக்கேற்பக் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் விஏவி பாக்ஸ் உள்ள இடத்தில் ஏற்றினால் நிலைமை மோசமாகவும் ஆகும். 13 டிகிரியில் வரும் காற்று சீலிங்கை ஒட்டி ஓடி, அறைக் காற்றோடு கலந்த பிறகுதான் கீழே வர வேண்டும். செட் பாயின்ட் ஏறியதும் பாக்ஸ் காற்றைக் குறைத்துவிடும். வேகம் போதாமல் காற்று சீலிங்கை விட்டு, டிஃப்யூசருக்கு நேர் கீழே கொட்டும். ஆள் குறைந்த சனிக்கிழமையிலும் காலை எட்டு மணிக்கும் புகார் வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். சப்ளை காற்றை 15 டிகிரிக்கு ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் இது சென்னை; ஈரம் குறைவாகத்தான் பிரியும். உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் திரும்ப இறக்கிவிடுங்கள்.

ஏஎச்யூ (குளிர்காற்றை அனுப்பும் இயந்திரம்) ஆபரேட்டர்
குளிர் தாங்காமல் டிஃப்யூசரில் அட்டையும் செலோடேப்பும் ஒட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லையே! டிஃப்யூசரை மொத்தமாக அடைத்தால் அந்தக் காற்று பக்கத்து சீட்டுக்குப் போகும், அங்கிருந்து அடுத்த புகார் வரும். அடைத்த தகடு குளிர்ந்து, வியர்த்து, கீபோர்டில் சொட்டும். நாலு பக்கம் வீசும் டிஃப்யூசரில் சீட் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் உள்ளே பிளாங்க் தகடு (அடைப்புத் தகடு) வைத்தால் போதும். மற்ற மூன்று பக்கமும் வேகம் கூடும் என்பதால் அங்கே இருப்பவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். காற்றைக் குறைக்க வேண்டுமென்றால் கிளை டக்ட் (காற்றுக் குழாய்) பிரியும் இடத்து டாம்பரில், அதாவது காற்றைத் தடுக்கும் மடலில், குறைக்கவும். டிஃப்யூசர் கழுத்தில் திருகினால் விசில் சத்தம் வரும்.

கட்டட டிசைன்
ஜன்னலோர ஆளின் பிரச்சினை காற்றே இல்லை, வெயிலில் சூடான கண்ணாடிதான். காற்று 24 டிகிரி, சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி 30 என்றால், காற்றோட்டம் குறைந்த இடத்தில் உடம்புக்குத் தெரிவது ஏறக்குறைய 27. அவருக்காகக் காற்றைக் கூட்டினால் நடுங்குவது உள்வரிசைதான். பகல் 2 மணிக்கு முன்பே பிளைண்டை இறக்க வேண்டும்; வெயில் உள்ளே விழுந்து மேசை சூடான பிறகு இறக்கிப் பயனில்லை. கண்ணாடியிலிருந்து 4, 5 மீட்டர் வரை தனி விஏவி கொடுத்திருந்தால் பாதித் தொல்லை இருக்காது. இன்டீரியர் பிளானில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

ஃபெசிலிட்டி மேலாளர்
நன்றி. புகார் படிவத்தில் 'குளிர்/சூடு' மட்டும்தான் இருக்கிறது. சீட் எண், நேரம், கழுத்தா காலா என்ற மூன்று கட்டம் சேர்க்கிறேன். ஃபாங்கர் கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தாலும் 5 சதவீதம் பேருக்குத் திருப்தி இருக்காது. அவர்களுக்கு சீட் மாற்றம்தான்.