சுவரில் மாட்டும் கணப்பு: கடைக்குப் போகும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி:

வணக்கம். குளிர் நாட்டுக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. வாடகை வீடு. வீடு முழுவதற்கும் ஹீட்டர் இருந்தாலும் கூடம் மட்டும் மாலையானால் சில்லிட்டுவிடுகிறது. மனைவி எட்டு மாதக் குழந்தையோடு பெரும்பாலும் அந்த அறையில்தான் இருக்கிறார். சுவரில் தட்டையாக மாட்டும் கணப்பு ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். மின்சாரத்தில் ஓடுவது, எரிவாயுவில் எரிவது, எத்தனால் ஊற்றி எரிப்பது என்று மூன்று வகை காட்டுகிறார்கள். எது நல்லது? நானே மாட்டிக்கொள்ள முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்:

தம்பி, தவழும் குழந்தை, வாடகை வீடு. இந்த இரண்டுமே பாதி முடிவை எடுத்துவிட்டன. உங்களுக்கு மின்சாரக் கணப்புதான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடையில் நிஜத் தீ எரிவதைப் பார்த்ததும் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

எத்தனால் வகைக்குப் புகைபோக்கி தேவையில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் புகைபோக்கி இல்லை என்றால், எரிந்து வருவதெல்லாம் அறைக்குள்ளேயே தங்குகிறது என்று பொருள். கரியமில வாயுவும் நீராவியும் நீங்கள் மூச்சுவிடும் காற்றில்தான் கலக்கும். அறையின் ஆக்சிஜனையும் அந்தத் தீயே எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய ஆபத்து எரிபொருள் ஊற்றும் நேரத்தில் வருகிறது. எத்தனால் தீ வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் புட்டியைச் சாய்த்தால், ஆவி பற்றிக்கொண்டு தீ புட்டிக்குள் பாய்ந்து பீறிட்டு வரும். இப்படிப் பலர் கடுமையான தீக்காயம் பட்டிருக்கிறார்கள். குழந்தை உள்ள வீட்டுக்கு இதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

எரிவாயு வகை வேறு. முறையாக அமைத்தால் நல்ல சூடு, அழகான தீ. சுவரில் மாட்டுவதில் நல்லது இரட்டைக் குழாய் வகை: குழாய்க்குள் குழாய். உள் குழாய் புகையை வெளியே தள்ளும், வெளிக் குழாய் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துவரும். அறைக் காற்றை அது தொடுவதே இல்லை. ஆனால் வெளிச்சுவரில் பெரிய துளை போட வேண்டும், எரிவாயுக் குழாய் இழுக்க வேண்டும், உரிமம் பெற்ற ஆள்தான் இணைக்க வேண்டும். வாடகை வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. புகையை வெளியேற்றும் குழாயே இல்லாத எரிவாயுக் கணப்பும் விற்கிறார்கள். சில இடங்களில் அதற்குத் தடையே இருக்கிறது. அதன் பக்கம் போக வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடு பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் எரிவாயு, எண்ணெய், விறகு என எது எரிந்தாலும் இது பொருந்தும். உங்கள் பொது ஹீட்டர் எரிவாயுவில் ஓடினால் உங்களுக்கும் சேர்த்துத்தான். அந்த வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று சளிக்காய்ச்சல் போலவே தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனால் சரியாகிவிட்டது என்றால், உடனே சந்தேகப்படுங்கள். படுக்கையறைக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். அது அலறினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டு, பிறகு அவசர எண்ணை அழையுங்கள்.

இனி மின்சாரக் கணப்பு. அதில் தெரியும் தீ, எல்இடி விளக்கு காட்டும் காட்சி. சூடு வருவது தனியாக உள்ள கம்பிச்சுருளிலிருந்து; மின்விசிறி அதை வெளியே வீசும். தீயையும் சூட்டையும் தனித்தனியாக இயக்கலாம். சூடு இல்லாமல் தீயை மட்டும் ஓடவிட்டால் மின்சாரம் மிகக் கொஞ்சமே ஆகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 30 அங்குலம், 50 அங்குலம், 72 அங்குலம் என்று அகலம் கூடக்கூட விலை ஏறும். சூடு பெரும்பாலும் ஏறாது. 120 வோல்ட் உள்ள அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரண பிளக்கில் செருகுவது எல்லாம் ஏறக்குறைய 1500 வாட்டோடு நின்றுவிடும். 230 வோல்ட் நாடுகளில் 2000 வாட் வரை கிடைக்கும். 1500 வாட் என்றால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் அதே சூடுதான், மணிக்கு ஒன்றரை யூனிட்தான். கைக்கு அடக்கமான சின்ன ஹீட்டரும் அதையே தரும். 'குறைந்த மின்சாரத்தில் அதிகச் சூடு' என்று ஒரு கணப்பின் பெட்டியில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். கம்பிச்சுருள் ஹீட்டர் எதுவும் தான் இழுக்கும் மின்சாரத்துக்கு மேல் சூடு தர முடியாது.

ஆகவே பணம் போடும் முன் கூடம் ஏன் சில்லிடுகிறது என்று பாருங்கள். ஈரக் கையை ஜன்னல் ஓரத்திலும் வாசல் கதவின் அடியிலும் நீட்டுங்கள். காற்று சுருக்கென்று பட்டால் இடுக்கு இருக்கிறது. அதை அடைக்காமல் கணப்பு மாட்டினால் தெருவைச் சூடாக்குவீர்கள்.

அடுத்தது மின் இணைப்பு. இங்கேதான் புதிதாக வந்தவர்கள் தடுக்கி விழுகிறார்கள். 1500 வாட்டை 120 வோல்ட்டால் வகுத்தால் 12.5 ஆம்பியர். அந்த நாடுகளில் அறையின் பிளக்குகள் பெரும்பாலும் 15 ஆம்பியர் பிரேக்கரில் (மின்சாரம் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சுமை அதில் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க மின்விதி; அதாவது 12 ஆம்பியர். கணப்பு ஒன்றே அந்த வரம்பைத் தொட்டுத் தாண்டிவிடுகிறது. அதே இணைப்பில் யாராவது இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் பிரேக்கர் விழும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் தனி இணைப்பு கேட்கிறார்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் என்பது 9 ஆம்பியருக்கும் குறைவு. அங்கே நெருக்கடி இவ்வளவு இல்லை. ஆனால் எங்கே இருந்தாலும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகவே கூடாது.

எங்கள் முதல் வீட்டில் பழைய பிளக் பாயிண்ட் ஒன்று தளர்ந்து இருந்தது. செருகினால் பிடிப்பே இருக்காது. அதைப் பொருட்படுத்தாமல் இரண்டு வாரம் ஓட்டினோம். ஒரு நாள் மாலை பிளக்கைப் பிடுங்கப் போனபோது விரலைச் சுட்டது. ஒரு முள்ளின் அடியில் பிளாஸ்டிக் தேநீர்க் கறை போலப் பழுப்பேறி, லேசாக உருகிக் குழிந்திருந்தது. பிரேக்கர் விழவே இல்லை. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால்தான் பிரேக்கர் விழும்; தளர்ந்த முனையில் சூடு ஏறுவது அதற்குத் தெரியாது. ஆகவே கணப்பை அரை மணி நேரம் முழுச் சூட்டில் ஓட்டிவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இப்போது சுவர். செங்கல் சுவரில் ஆணி அடித்துப் பழகிய கை நமக்கு. இங்கே பல வீடுகளின் உட்சுவர் பொள்ளலானது: மரச்சட்டங்களை நிறுத்தி, இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். விரல் முட்டியால் தட்டினால் 'டொம் டொம்' என்று வரும். அந்தப் பலகையில் மட்டும் திருகாணியை ஏற்றினால் கனத்தைத் தாங்காது. எங்களுக்கு மாட்டித் தந்த ஆள் அப்படித்தான் செய்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் கணப்பின் இடது மூலை ஒரு விரலளவு இறங்கியிருந்தது; மேலே திருகாணியைச் சுற்றி வெள்ளை மாவு உதிர்ந்து தரையில் கோடாகக் கிடந்தது. அடியில் யாரும் இருக்கவில்லை. அதன்பிறகு வேலையை நாங்களே கற்றுக்கொண்டோம்.

மரச்சட்டத்தைக் கண்டுபிடிக்கக் கருவி விற்கிறது. அது இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் நல்ல காந்தம் ஒன்றைத் துண்டு நூலில் கட்டி, சுவரை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். சட்டத்தில் பலகையை முடுக்கிய திருகாணியின் தலை வரும்போது காந்தம் சட்டென்று சுவரில் ஒட்டிக்கொள்ளும். அங்கே பென்சிலால் புள்ளி வையுங்கள். நேர் மேலேயும் கீழேயும் இன்னும் இரண்டு புள்ளிகள் கிடைத்தால் அதுதான் சட்டம். வட அமெரிக்காவில் அடுத்த சட்டம் வழக்கமாக 16 அங்குலம் தள்ளி இருக்கும்; பிரிட்டனில் 400 அல்லது 600 மில்லிமீட்டர். சட்டத்தின் முகம் ஒன்றரை அங்குலம்தான், எனவே நடுவில் குறி வையுங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் மரத்துக்குப் பதில் மெல்லிய தகட்டுச் சட்டம் இருக்கலாம். காந்தம் கோடு முழுவதும் ஒட்டினால் தகடு. மரத் திருகாணி அதற்கு உதவாது.

கணப்போடு வரும் தாங்குசட்டத்தின் துளைகள் சுவரின் சட்டங்களோடு பொருந்துவது அபூர்வம். இதற்கு நாங்கள் கண்ட வழி: முக்கால் அங்குல ஒட்டுப்பலகை ஒன்றை அறுத்து, குறைந்தது இரண்டு மரச்சட்டங்களில் நீளத் திருகாணியால் முடுக்கி, அதன்மேல் தாங்குசட்டத்தை மாட்டுவது. சுவரின் நிறமே அடித்துவிட்டால் தெரியாது. ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு முடுக்குங்கள். நீளக் கணப்பு கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும். பெரியது 20 கிலோவைத் தாண்டும், தூக்க இரண்டு பேர் வேண்டும். பிளக், சுவிட்ச் இவற்றுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போட வேண்டாம். மின்கம்பி பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

சுவரைக் குடைந்து உள்ளே பதிக்கும் வகை உங்களுக்கு வேண்டாம். வெளிச்சுவரென்றால் அதில் வெப்பக்காப்புப் பஞ்சும் ஈரத்தடுப்புத் தாளும் இருக்கும். அதை வெட்டினால் குளிரை நீங்களே உள்ளே அழைத்ததாகிவிடும்.

சுவரின் மேற்பரப்பில் மாட்டும் வகைக்கும் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எத்தனை துளை, காலி செய்யும்போது யார் அடைப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி:

மிக்க நன்றி அக்கா. இரண்டு சந்தேகம். கணப்புக்கு மேலே டிவி மாட்டலாமா? உறவினர் ஒருவர் வேறு நாட்டில் வாங்கிய கணப்பைத் தருகிறேன் என்கிறார்; அதை இங்கே பயன்படுத்தலாமா?

பதில்:

டிவி, சூடு எங்கே வெளிவருகிறது என்பதைப் பொறுத்தது. முன்பக்கம் அல்லது கீழ்ப்பக்கம் வீசும் கணப்பு என்றால் கையேட்டில் சொன்ன இடைவெளி விட்டு மாட்டலாம். மேல் விளிம்பிலிருந்து வீசினால் வேண்டாம், டிவி வெந்துபோகும். கீழே வீசுவதற்கு அடியில் மேசையோ பொம்மைக் கூடையோ வைக்கக்கூடாது. முன்னால் மூன்றடி காலியாக இருக்கட்டும்: திரைச்சீலை, சோபா, மெத்தை எதுவும் கூடாது. குளிர்காலத்தில் குழந்தையின் ஈரத் துணியைக் கணப்பின் முன் நாற்காலியில் விரித்துப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். துணி நழுவிக் காற்றுவாயை மூடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

உறவினர் தரும் கணப்பு வோல்ட் மாறினால் வேண்டாம். 230 வோல்ட்டுக்குச் செய்ததை 120 வோல்ட்டில் செருகினால் ஏறக்குறைய கால் பங்கு சூடுதான் வரும். 120 வோல்ட்டுக்குச் செய்ததை 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். நீங்கள் இருக்கும் நாட்டில் ஏற்கும் பாதுகாப்புச் சான்று முத்திரை பெட்டியில் மட்டும் இல்லாமல் கருவியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்: வட அமெரிக்கா என்றால் யுஎல் அல்லது சிஎஸ்ஏ, ஐரோப்பா என்றால் சிஇ.

முதல் நாள் சூடு போடும்போது கருகல் வாடை வரும். சுருளில் உள்ள பூச்சும் தூசியும் எரிவதுதான். ஜன்னலைத் திறந்துவைத்து அரை மணி ஓட்டுங்கள், குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். அடுத்தடுத்த நாளும் வாடை அடித்தால் நிறுத்திவிடுங்கள். ஆண்டுதோறும் குளிர் தொடங்கும்போது காற்றுவாயில் சேர்ந்த தூசியை உறிஞ்சி எடுங்கள். தூங்கப் போகும்போது சூட்டை அணைத்துவிடுங்கள்.

இன்னொருவரின் கேள்வி:

நாங்கள் சொந்த வீடு. பிளக் கம்பி சுவரில் தொங்குவது அசிங்கமாக இருக்கிறது. கம்பியைச் சுவருக்குள் விட்டு மறைத்துவிடலாமா, சகோதரி?

பதில்:

விடாதீர்கள் ஐயா. கருவியோடு வரும் வளையும் கம்பி சுவருக்குள் போவதற்குச் செய்தது இல்லை. அமெரிக்க விதிகளில் அதற்கு அனுமதியும் இல்லை. எலெக்ட்ரீஷியனை வைத்து, கணப்பின் முதுகுக்கு நேரே உள்வாங்கிய பிளக் பாயிண்ட் ஒன்றைத் தனி இணைப்பில் போடச் சொல்லுங்கள். கணப்பு அதை மறைத்துவிடும். பின்புறம் பிளக்குக்கு இடம் எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டின் படத்தைக் காட்டியே குறிக்கச் செய்யுங்கள். அரை அங்குலம் தவறினால் கணப்பு சுவரோடு படியாது. சொந்த வீடு என்பதால் பதிக்கும் வகையை யோசித்தால், உட்சுவரின் பொள்ளல் பெரும்பாலும் மூன்றரை அங்குல ஆழம்தான் என்பதை அளந்துகொள்ளுங்கள். பாரம் தாங்கும் சுவரில் ஒரு சட்டத்தையும் வெட்ட வேண்டாம்.

முதலில் கேட்டவர்:

அக்கா, நேற்று இரவு காந்தம் கட்டிப் பார்த்தோம். நாங்கள் நினைத்திருந்த சுவரில் எங்கேயும் ஒட்டவில்லை. தட்டினால் சத்தமும் கெட்டியாக இருக்கிறது, கான்கிரீட் போலிருக்கிறது. எதிர்ச்சுவரில் மூன்று கோடு கிடைத்தது, சரியாகப் பதினாறு அங்குல இடைவெளி. அந்தப் பக்கம் பிளக்கும் இறுக்கமாக இருக்கிறது. ஜன்னல் இடுக்கில் காற்று வருவதும் உண்மை. நாளை ரப்பர் பட்டை வாங்கி ஒட்டப்போகிறேன். அதற்குப் பிறகும் குளிர்ந்தால்தான் கணப்பு என்று மனைவி சொல்லிவிட்டார்.