ஓட்ஸ் போத்தலை இரவில் மேசையில் வைக்கலாமா? பழஞ்சோற்றை இதற்குள் இழுக்காதீர்கள்

கோண்டாவில் வாசுகி:
காலைச் சாப்பாட்டு இழையில் தென்மராட்சியான் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன். “அடுப்பே வேண்டாம். ஓட்ஸ், பால், ஒரு கரண்டி கச்சான் வெண்ணெய், எல்லாவற்றையும் ஜாம் போத்தலில் போட்டுக் கலக்கி இரவு குசினி மேசையில் வைத்துவிடுங்கள். விடியச் சாப்பிடலாம். பிரிட்ஜ் தேவையே இல்லை. எங்கள் ஆச்சி பழஞ்சோற்றைப் பிரிட்ஜிலா வைத்தவ?” இதற்குக் கீழே ஆளாளுக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. அரைக் கோப்பை ஓட்ஸ், அதே அளவு பால், கால் கோப்பை தயிர், ஒரு மேசைக்கரண்டி கச்சான் வெண்ணெய், சிட்டிகை உப்பு. ஆறு மணித்தியாலம் ஊறினால் நல்ல பதம் வரும். சண்டை அந்த மேசையோடுதான். சித்திரை வைகாசியில் எங்கள் குசினிகளில் நடு இரவிலும் 25 பாகைக்கு மேலேதான் இருக்கும். பால் சேர்ந்த சாப்பாட்டை 5 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலத்துக்கு அதிகமாக வைக்கக் கூடாது. மனையியல் படிப்பித்த எனக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கிற தாய்மாரும் இதை வாசிக்கிறார்கள்.

தென்மராட்சியான்:
வாசுகி ரீச்சர், ஒடியல் கூழுக்குப் புளி எப்போது விடுவது என்று நான் எழுதியபோதும் தனி இழை திறந்துதான் என்னைத் திருத்தினீர்கள். அதை நான் மறக்கவில்லை. இப்போது கேள்வி ஒன்றுதான். பழஞ்சோறு இரவு முழுக்க மேசையில் இருக்கலாம் என்றால் ஓட்ஸ் ஏன் இருக்கக் கூடாது? 90களில் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை. எந்த வீட்டில் பிரிட்ஜ் ஓடியது? நாங்கள் வளரவில்லையா?

கோண்டாவில் வாசுகி:
தம்பி, பழஞ்சோற்றுக்கு உம்முடைய ஆச்சி ஊற்றியது தண்ணீர். பால் இல்லை. சோற்றுத் தண்ணீரில் புளிப்பைக் கொடுக்கிற கிருமிகள் பெருகி அதைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்புத்தான் மற்றக் கிருமிகளை அடக்கிவைக்கிறது. விடியத் தயிரும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து உருண்டையாகத் தந்திருப்பா. பாலை அதற்குள் இரவே ஊற்றி வைத்தவவா? சொல்லும்.

ஸ்காபரோ சுதன்:
இதற்கு இவ்வளவு சண்டையா? நான் ஞாயிறு பின்னேரமே வாரத்துக்குச் செய்து பிரிட்ஜில் அடுக்கிவிடுவேன். மூன்று நாலு நாளுக்கு ஒன்றும் ஆகாது. வாழைப்பழத்தை மட்டும் சாப்பிடும்போது வெட்டிப் போட வேண்டும். ஆனால் கச்சான் வெண்ணெயை விடுங்கள். பாதாம் வெண்ணெய் போடுங்கள். கச்சானில் பூஞ்சண நஞ்சு இருக்கிறது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் யாரும் தொடுவதில்லை.

கச்சான்கடை:
சுதன் அண்ணா, நல்லூர்த் திருவிழாவில் சரை சரையாக வாங்கிக் கொறித்துவிட்டுத்தானே விமானம் ஏறினீர்கள்? அப்போது நஞ்சு தெரியவில்லையோ? பாதாமிலும் அதே பூஞ்சணம் வரும், அப்ளாரொக்சின் என்ற அதே நஞ்சும் வரும். நல்லாகக் காயாத கச்சானில்தான் பிரச்சினை. சுருங்கினது, நிறம் மாறினது, கசக்கிறது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். வறுத்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கக் கூடாது, வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. புரதம் பார்த்தால் 100 கிராம் கச்சானில் 25 கிராம் அளவு இருக்கிறது. உங்கள் பாதாமில் 21தான். விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஸ்காபரோ சுதன்:
நான் சுகாதாரத்தைப் பற்றிச் சொன்னேன். ஊர்ப் பெருமையைப் பற்றி இல்லை.

கச்சான்கடை:
ஊர்ப் பெருமையும்தான். முல்லைத்தீவுக் கச்சானை இளஞ்சூட்டில் வறுத்து, தோலை ஊதி, மிக்ஸியில் அரைத்துப் பாருங்கள். முதலில் மாவாகும், பிறகு கட்டியாகும், விடாமல் நிறுத்தி நிறுத்தி அரைத்தால் அதன் எண்ணெயே வெளியே வந்து இளகும். ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது. கடைப் போத்தல்களில் எண்ணெய் மேலே மிதக்காமல் இருக்கக் கடினமாக்கிய எண்ணெயும், அதோடு சீனியும் சேர்ப்பார்கள். வீட்டில் அரைத்ததில் எண்ணெய் மிதக்கும். கலக்கினால் சரி. அதைக் குளிர்ந்த பாலுக்குள் அப்படியே போட்டால் கட்டியாக நிற்கும், இரண்டு கரண்டி இளஞ்சூட்டுப் பாலில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கோண்டாவில் வாசுகி:
கச்சானோ பாதாமோ, போத்தல் மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். தென்மராட்சியான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஓட்ஸ் போடாமல், வெறும் பாலை ஒரு கோப்பையில் ஊற்றி இரவு முழுக்க மேசையில் வைத்து விடியக் குடிப்பீரா?

தென்மராட்சியான்:
தயிருக்குப் பாலை எங்கே வைக்கிறோம்? மேசையில்தான். உறை போட்டு மூடி வைத்தால் விடியத் தயிர். அதைச் சாப்பிடலாம், ஓட்ஸைச் சாப்பிட்டால் ஆபத்தா?

கோண்டாவில் வாசுகி:
உறை போடுகிறோம் என்று நீரே எழுதியிருக்கிறீர். காய்ச்சி ஆற்றிய பாலில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகளை முதலே விடுகிறோம். அவை முந்திக்கொண்டு பாலைப் புளிக்க வைக்கின்றன. ஓட்ஸ் போத்தலில் எதை விட்டீர்? கச்சான் வெண்ணெயையா?

ஓட்ஸை ஆவியில் வைத்துத்தான் நசுக்குகிறார்கள். அந்தச் சூடு படாவிட்டால் அதிலுள்ள கொழுப்புச் சீக்கிரம் காறிப் போகும். அடுப்பில்லாமல் ஊறவைத்துச் சாப்பிட முடிவதும் அதனால்தான். ஆனால் தானியங்களில் இருக்கிற பசில்லசு சீரியசு என்ற கிருமியின் வித்துகள் அந்த ஆவிக்குச் சாகாது. ஈரமும் சூடும் கிடைத்தால் முளைக்கும். அது விடுகிற வாந்தி நஞ்சு பிறகு கொதிக்க வைத்தாலும் அழியாது.

பேர்ண் குமரன்:
சுவிஸில் இருந்து ஒரு விஷயம். இந்தச் சாப்பாட்டின் மூலம் இங்கேதான். 1900 அளவில் சூரிச்சில் பிர்ச்சர்-பென்னர் என்ற வைத்தியர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தது. ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் 12 மணித்தியாலம் ஊறவைத்து, தேசிப்புளியும் டின்பாலும் சேர்த்து, ஒரு முழு அப்பிளைத் துருவிப் போட்டு, மேலே அரைத்த பருப்பு வகை. பாதாமும் போடுவார்கள். இன்றைக்கும் இங்கே கடைகளில் அவருடைய பெயரிலேயே விற்கிறார்கள். 1900இல் வீடுகளில் பிரிட்ஜ் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தென்மராட்சியான்:
குமரன் அண்ணா, நீங்கள் நல்லா இருக்க வேண்டும். ரீச்சர், வாசித்தீர்களா? வைத்தியர். 12 மணித்தியாலம். பிரிட்ஜ் இல்லை. பிறகு என்ன?

கோண்டாவில் வாசுகி:
வாசித்தேன், உம்மைவிடக் கவனமாக வாசித்தேன். தண்ணீர் என்று குமரன் எழுதியிருக்கிறார். பால் விடியத்தான் சேர்ந்தது, அதுவும் சீனி நிறைந்த டின்பால். தேசிப்புளி வேறு. சூரிச் இரவும் சாவகச்சேரி இரவும் ஒன்றா? ஒரு கரண்டி ஓட்ஸும் போத்தல் நிறைந்த ஓட்ஸும் ஒன்றா? என் கேள்வி அப்படியே நிற்கிறது. பாலை மேசையில் வைத்துக் குடிப்பீரா?

பேர்ண் குமரன்:
நான் வரலாற்றைத்தான் சொன்னேன் அக்கா. கோபிக்காதேங்கோ. ஆனால் இங்கே வெயில் காலத்தில் 30 பாகைக்கு மேலும் போகும்.

கோண்டாவில் வாசுகி:
பகலில் போகும். இரவில் எவ்வளவு?

வல்லிபுரத்தாள்:
நான் ஒன்று கேட்கட்டுமா? ஓட்ஸ் இந்த நாட்டிலேயே விளையாது. கப்பலில் வருகிறதைக் காசு கொடுத்து வாங்கி, ஊறவைக்கலாமா வைக்கக் கூடாதா என்று அடிபடுகிறோம். சரஸ்வதி பூசைக்கு மட்டும் அவலை எடுத்துவிட்டு மற்ற நாளில் மறந்துவிடுகிறோம். அவலும் சூடு காட்டி இடித்ததுதான், அடுப்பே வேண்டாம். தண்ணீரில் அலசி வைத்தால் பத்து நிமிடத்தில் மெத்தென்று வரும். தேங்காய்ப்பூ, பனங்கட்டி, ஒரு கரண்டி கச்சான் வெண்ணெய், கதலிப்பழம். இரவே செய்யவும் தேவையில்லை, உங்கள் மேசைச் சண்டையும் தேவையில்லை.

ஸ்காபரோ சுதன்:
அவல் அரிசி. சீனி வருத்தக்காரர் பத்து நிமிடத்தில் பாதிக் கோப்பை அவலை முடித்துவிட்டு என்ன செய்வது? ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து இருக்கிறது. ஒரு நாளைக்கு 3 கிராம் கிடைத்தால் இருதய வருத்தம் வரும் ஆபத்துக் குறையலாம் என்று பைக்கற்றில் எழுத 1997இலேயே அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அவலில் அது எங்கே?

வல்லிபுரத்தாள்:
அண்ணா, பனங்கட்டியைத் தள்ளி வைத்தால் போயிற்று. அமெரிக்கப் பைக்கற்றில் எழுதினால்தான் எங்கள் சாப்பாடு சாப்பாடா?

கோண்டாவில் வாசுகி:
வல்லிபுரத்தாள், அவல் நல்லது. ஆனால் அவலையும் பாலில் போட்டு இரவே மேசையில் வைத்தால் அதே கதைதான். தேங்காய்ப்பூ சேர்ந்தால் இன்னும் வேகமாகப் பழுதாகும். இதையும் எழுதிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் யாரோ ஒருவர் நாளைக்கு அதையும் ‘ஆச்சி செய்தவ’ என்று எழுதுவார்.

வல்லிபுரத்தாள்:
இரவே செய்யத் தேவையில்லை என்றுதான் எழுதினேன். முழுக்க வாசிக்கிற பழக்கம் ரீச்சர்மாருக்கு இல்லையோ?

தென்மராட்சியான்:
இப்போது தெரிகிறதா என்னோடு மட்டுமில்லை என்று? சரி, ரீச்சரின் பிரிட்ஜைப் பற்றிக் கதைப்போம். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டினார்கள். அப்போது உங்கள் 5 பாகை எங்கே போனது? பிரிட்ஜை நம்பிச் செய்கிற சாப்பாடு இந்த நாட்டுக்குச் சரிவராது. மேசையை நம்பிச் செய்கிறதுதான் நிற்கும்.

கோண்டாவில் வாசுகி:
திறக்காமல் விட்டால் பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் அளவில் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் பால் சேர்ந்ததை ஊற்றிவிட வேண்டியதுதான். அந்த மாதங்களில் நான் ஓட்ஸை ஊறவைக்கவே இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் மேசை பிரிட்ஜாகிவிடுமா? பிரிட்ஜ் இல்லாத காலத்தில் எங்கள் சனம் பாலை எப்படி வைத்தது? காய்ச்சிக் காய்ச்சி வைத்தது, அல்லது உறை போட்டது. இரவில் அப்படியே விட்டால் விடியத் திரைந்துவிடும் என்று ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். உமக்கும் தெரியும். அதனால்தான் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடுகிறீர்.

திருநெல்வேலி அறை:
வணக்கம். நான் கம்பஸுக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் படிக்கிறேன். அறையில் பிரிட்ஜ் இல்லை, அடுப்பும் பாவிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். விடிய எட்டு மணிக்கு விரிவுரை. எனக்கு ஏற்றமாதிரி யாராவது சொல்ல முடியுமா? பால்மாதான் இருக்கிறது.

தென்மராட்சியான்:
தங்கச்சி, இரவே தண்ணீரில் போட்டு வைத்துவிடுங்கோ. குமரன் அண்ணா சொன்ன வைத்தியர் முறை. விடியப் பால்மாவும் கச்சான் வெண்ணெயும் கலந்து சாப்பிடலாம். பயப்படுத்துகிறவர்களைப் பார்க்காதேங்கோ.

கோண்டாவில் வாசுகி:
பிள்ளை, அதைச் செய்யாதேயும். எட்டு மணித்தியாலம் ஈரமாக மேசையில் இருந்தால் தண்ணீரென்றாலும் எனக்கு மனம் ஒப்பாது. இரவே போத்தலில் காய்ந்த ஓட்ஸையும் பால்மாவையும் உப்பையும் போட்டு மூடி வையும். கச்சான் வெண்ணெயை அதற்கு மேலே ஒரு கரண்டி வைக்கலாம், ஈரம் இல்லாததால் ஒன்றும் ஆகாது. விடியப் பிளாஸ்கில் இருக்கிற சுடுதண்ணீரை விட்டுக் கலக்கி மூடும். நீர் முகம் கழுவித் தலை இழுத்து முடிக்க அது ஊறியிருக்கும். மெல்லிய ஓட்ஸாக வாங்கும்.

ஸ்காபரோ சுதன்:
சுடுதண்ணீர் விட்டால் அது கஞ்சி. சமைக்காத சாப்பாட்டைப் பற்றித்தானே இழை?

கச்சான்கடை:
அந்தப் பிள்ளை பசியோடு விரிவுரைக்குப் போகாமல் இருக்க வழி கேட்டது. நீங்கள் கஞ்சியா இல்லையா என்று ஆராய்கிறீர்கள். கனடாவில் வேலை குறைவோ?

ஸ்காபரோ சுதன்:
என் வேலையைப் பற்றி நீர் கதைக்கத் தேவையில்லை. கச்சானை விற்கிற ஆள் கச்சானைப் பற்றிக் கதையும்.

தென்மராட்சியான்:
கவனியுங்கள், ரீச்சர் இப்போது தண்ணீரையும் வேண்டாம் என்கிறா. முதலில் பால்தான் பிழை என்றா. பழஞ்சோறும் எட்டு மணித்தியாலம் தண்ணீரில்தான் கிடக்கிறது. அதையும் நாளைக்குத் தடை செய்வீர்களா?

கோண்டாவில் வாசுகி:
பழஞ்சோறு கொதித்து வெந்த சோறு, புளிக்கிற சோறு. திரும்பவும் அதே இடத்துக்கு வருகிறீர். நான் கேட்டது பால். ஒரு கோப்பைப் பால், ஒரு மேசை, ஒரு இரவு. குடிப்பீரா, மாட்டீரா?

தென்மராட்சியான்:
நீங்கள் முதலில் ஒடியல் கூழுக்குப் புளியை எப்போது விடுகிறீர்கள் என்று இங்கே எல்லோருக்கும் முன்னால் எழுதுங்கள். பிறகு நான் பாலைப் பற்றி எழுதுகிறேன்.

கோண்டாவில் வாசுகி:
புளியைப் பற்றி அந்த இழையிலேயே எழுதியாயிற்று, போய் வாசியும். பாலுக்குப் பதில் வரும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.