தூத்துக்குடி பக்கம் 4 நாள் வரோம், கோயில் மட்டும் இல்லாம தொழிலையும் பாக்கணும், எங்க போலாம்?

பவானிக்கரை
வணக்கமுங்க. மே மாசம் லீவுல குடும்பத்தோட தூத்துக்குடி ஜில்லா பக்கம் வரலாம்னு இருக்கோம், நான், வீட்டுக்காரம்மா, எட்டாவது முடிக்கிற பொண்ணு. போன தடவ வேன்ல வந்தப்ப திருச்செந்தூர் சாமி கும்பிட்டு கடல்ல குளிச்சுட்டு அப்படியே கன்னியாகுமரி போயிட்டோம், வழியில ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா குவிச்சு வச்சிருந்தத பாத்துட்டு பொண்ணு அது என்னப்பான்னா, உப்புன்னேன், எப்படி செய்வாங்கன்னு கேட்டா, கடல் தண்ணிய காய வைப்பாங்கன்னு சொன்னேன், அதுக்கு மேல எனக்கே தெரியல. அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்குதுங்க. எங்க ஊரு தறி ஊரு, பெட்ஷீட் வாங்க வர்றவங்க வாங்கிட்டு போயிடுவாங்க, தறி எப்படி ஓடுதுன்னு ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தா எங்களுக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும். அதனால இந்த தடவ உப்பளம், மீன் ஏலம், கருப்பட்டி, தீப்பெட்டி, துறைமுகம்னு எதெல்லாம் நேர்ல பாக்க விடுவாங்களோ அதெல்லாம் பாக்கணும், கூடவே பொண்ணுக்கு பிடிச்ச மாதிரி பழைய இடங்களும். 4 நாள்ல முடியுமா? மே சரியான மாசம்தானா?

அளத்துக்காத்து
அண்ணாச்சி, இந்த கேள்விய கேட்டதுக்கே உங்கள கும்பிடணும். எங்க அம்மா இருவது வருசத்துக்கு மேல அளத்துல வேல பாத்தவ, நான் இப்ப ஒரு அளத்துல கணக்கு பாக்கேன், அதனால உப்புக்கு நான் பதில் சொல்லுதேன், மத்தத மத்தவங்க சொல்லட்டும்.

மே மாசம் உப்புக்கு நல்ல மாசம். தை, மாசியில பாத்திய மிதிச்சு சரி பண்ணி ஆரம்பிச்சா புரட்டாசி வர ஓடும், ஐப்பசி மழை விழுந்தா முடிஞ்சுது, அப்புறம் மூணு மாசம் அளத்துக்காரங்களுக்கு வேல கிடையாது. இந்தியாவுல குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் விளையறது தமிழ்நாட்டுலதான், அதுலயும் பெரும்பங்கு எங்க ஜில்லா. மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, காத்து விடாம அடிக்கும், உப்புக்கு வேணுங்கிறது அம்புட்டுதான்.

நீங்க பாப்பாட்ட சொன்னது தப்பில்ல, ஆனா பாதிதான். எங்க பக்கம் நிறைய அளத்துல கடல் தண்ணி இல்ல, போர் போட்டு எடுக்கிற நிலத்தடி உப்புத்தண்ணிதான், அது கடல் தண்ணிய விட கனமா இருக்கும், சீக்கிரம் விளையும். தண்ணிய ஒரே இடத்துல விட்டு காய வைக்க மாட்டாங்க. முதல்ல பெரிய பாத்தி, அங்க வெயில்ல கிடந்து கொஞ்சம் கனம் ஏறும், அப்புறம் அடுத்த பாத்தி, அதுக்கடுத்தது, இப்படி நடத்தி நடத்தி கொண்டு வருவாங்க. ஒரு கண்ணாடிக் குழாய் மிதக்க விட்டு டிகிரி பாப்பாங்க, சூட்டு டிகிரி இல்ல, தண்ணியோட கனத்த சொல்லுற டிகிரி, கடல் தண்ணி மூணரை டிகிரி கிட்ட இருக்கும், 25 டிகிரி வந்தாதான் உப்பு கட்ட ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாலயே ஜிப்சம் அடியில இறங்கிரும், அதனாலதான் கடைசி பாத்தியில சுத்தமான உப்பு கிடைக்குது. 29, 30 டிகிரிக்கு மேல போக விட்டா கசப்பு சேந்துரும், அதுக்குள்ள மிச்சத் தண்ணிய வடிச்சு விட்டுரணும். இந்த நடு நேரத்த பிடிக்கதுதான் தொழிலு. பாப்பாவ அந்த குழாய ஒரு தடவ கையில பிடிக்க சொல்லுங்க, சயின்ஸ் புக்குல படிச்சது அங்க மிதக்கும்.

தண்ணி மேல பாலாடை மாதிரி உப்பு படியும், அத உடச்சு விட்டு, நீளக் கம்பு மாட்டின பலகையால வாரி வரப்புல ஒதுக்குவாங்க. வாரும்போது ஒரு சத்தம் வரும், சரக் சரக்னு, கண்ணாடித் தூள கூட்டுற மாதிரி. தண்ணி வடிஞ்சதும் தலைச்சுமையா கொண்டு போயி அம்பாரமா குவிப்பாங்க, நீங்க ரோட்டுல இருந்து பாத்தது அந்த அம்பாரம்தான். இதெல்லாம் விடியக்காலம் நடக்கும். வெயில் ஏறுனா வெள்ளை உப்புல பட்டு கண்ணு கூசும், நிக்க முடியாது, அதனால டார்ச் அடிச்சுக்கிட்டு மூணு மணி, நாலு மணிக்கே இறங்கிருவாங்க. பத்து மணிக்கு வந்தீங்கன்னா வெறும் குவியல போட்டோ எடுத்துட்டு போகலாம், வேலைய பாக்க முடியாது.

முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி, இந்தப் பக்கம் தருவைகுளம், வேம்பார்னு எல்லா இடத்துலயும் அளம் இருக்கு. கேக்காம வரப்புல இறங்கிராதீங்க, ஒரு வரப்பு உடஞ்சா பல நாள் நடத்தின தண்ணி போயிரும். வேலைய மேற்பார்வை பாக்கிற கங்காணிட்ட ஒரு வார்த்த கேட்டா விடுவாங்க.

தேரிமண்
உடன்குடியில இருந்து. மே மாசம் எங்களுக்கும் சீசன்தான் அண்ணாச்சி, ஆனா கடைசி வாரம் வர தள்ளாதீங்க, முதல் ரெண்டு வாரத்துல வந்தா பனைமரத்துல பதனி நல்லா இறங்குற நேரம். திருச்செந்தூர்ல இருந்து உடன்குடி அரை மணி நேரந்தான்.

காலையில ஏழு மணிக்கு முன்னால விளைக்கு, அதான் பனந்தோப்புக்கு, வந்துரணும். பனையேறுறவர் இறங்கும்போது இடுப்புல கலயம் தொங்கும், உள்ள சுண்ணாம்பு தடவியிருப்பாங்க, அது இல்லன்னா புளிச்சு கள்ளா போயிரும். பனை ஓலைய மடிச்சு பட்டை பிடிச்சு அதுல பதனி ஊத்தி, நுங்கு போட்டு குடிச்சுப் பாருங்க, டம்ளர்ல குடிச்சா அந்த ருசி இல்ல. அப்புறம் காய்ச்சுறது. பெரிய தாச்சியில ஊத்தி பனை ஓலை, மட்டையே விறகா வச்சு மணிக்கணக்கா கிண்டணும், பொங்கி வந்தா ஆமணக்குமுத்து கொஞ்சம் பொடிச்சு போட்டா அடங்கிரும். பாதி பதத்துல கூப்பதனின்னு சொல்லுவோம், சின்னப் பிள்ளையில அத கேட்டு வாங்கி நக்கிட்டே பள்ளிக்கூடம் போவோம். முழுப்பதம் வந்ததும் சிரட்டையில ஊத்துவாங்க, அதான் கருப்பட்டிக்கு அந்த வடிவம். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, ஆனா ஏறுறதுக்கு ஆளு வருசா வருசம் குறையுது, ஒரு நாளைக்கு காலைல, சாயங்காலம், நடுவுல பாளை சீவன்னு அத்தன மரமும் ஏறி இறங்கணும், பிள்ளைகள யாரு அனுப்புவா. சீனி கலந்த கருப்பட்டி கடையில நிறைய ஓடுது, அதனால காய்ச்சுற இடத்துலயே வாங்குங்க, வில கூட இருந்தா பேரம் பேசாதீங்க அண்ணாச்சி, அந்த மரத்த நிமிந்து பாத்துட்டு பணத்த கொடுங்க.

அப்படியே குதிரைமொழி தேரிக்கு போயிட்டு வாங்க. செக்கச் செவேர்னு மணல் மேடு, காத்துக்கு இடம் மாறிக்கிட்டே இருக்கும், நடுவுல அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், அந்த செம்மணல் காட்டுக்குள்ள ஒரு சுனை, சுத்தி பச்ச மரம். மணப்பாடும் விட்டுராதீங்க, கடலுக்குள்ள நீட்டிட்டு நிக்கிற மணல் குன்று மேல திருச்சிலுவை ஆலயம், கீழ பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்த குகை. குலசேகரன்பட்டினம், நாங்க குலசைன்னுதான் சொல்லுவோம், அங்க முத்தாரம்மன் தசரா பாக்கணும்னா புரட்டாசியில தனியா வரணும், ஊரே காளி, குறவன், ராஜான்னு வேஷம் கட்டி நிக்கும். ராக்கெட் ஏவுதளமும் இப்ப அங்கதான் வருது, 2024-ல அடிக்கல் நாட்டுனாங்க.

கரிசல்அக்கா
அண்ணே, எல்லாரும் கடற்கரையோட நின்னுட்டாங்க, ஜில்லாவுக்கு வடக்குப் பக்கமும் இருக்கு. நான் கோவில்பட்டி, டீச்சரா இருக்கேன், பிள்ளைங்கள இந்த இடத்துக்கெல்லாம் பல தடவ கூட்டிட்டு போயிருக்கேன்.

தீப்பெட்டி ஆபீஸ் உள்ள பொண்ண கூட்டிட்டு போகணும்னு நினைக்காதீங்க, மருந்து முக்கிற இடம் ஆபத்தான இடம், வெளியாள விடவும் மாட்டாங்க, விடவும் கூடாது. ஆனா வீட்டு வாசல்ல பெட்டி ஒட்டுறவங்க, பண்டல் கட்டுறவங்க இன்னும் இருக்காங்க, அவங்ககிட்ட பேசலாம். குச்சியோட தலையில பொட்டாசியம் குளோரேட், பெட்டி பக்கவாட்டுல சிவப்பு பாஸ்பரஸ், ரெண்டும் உரசுனாதான் பத்தும், அதனாலதான் இதுக்கு சேஃப்டி மேட்ச்னு பேரு, எட்டாவது பொண்ணுக்கு இது நல்லா புரியும். சீப்பான லைட்டர் வந்து எங்க தொழில ரொம்ப அடிச்சுது, 2023-ல 20 ரூபாய்க்கு கீழ உள்ள லைட்டர் இறக்குமதிய நிறுத்துன அப்புறம்தான் கொஞ்சம் மூச்சு விட்டாங்க. மானாவாரி கரிசல்ல மழை ஏமாத்துன வருசமெல்லாம் இந்த ஊரு பொம்பளைங்க குடும்பத்த காப்பாத்துனது இந்த குச்சிதான்ணே.

கடலைமிட்டாய நான் சொல்ல வேண்டியதில்ல, 2020-ல புவிசார் குறியீடு வாங்குனோம். வெல்லப் பாகு பதம் தப்புனா ஒண்ணு பல்லுல ஒட்டும், இல்லன்னா பல்ல உடைக்கும், எங்க ஊரு மிட்டாய் கடிச்சா படக்குனு உடையும்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கு கட்டாயம் போங்க, கோவில்பட்டியில இருந்து 20 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். ஒரே பாறைய மேல இருந்து கீழ குடைஞ்சு செஞ்ச கோயில், எட்டாம் நூற்றாண்டு பாண்டியர் காலம், கீழ்ப்பாதி முடியாம அப்படியே நிக்குது, அதனாலயே எப்படி செதுக்குனாங்கன்னு உளித் தடத்தோட கண்ணால பாக்கலாம். விமானத்துல தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிற மாதிரி ஒரு சிலை, தேடிக் கண்டுபிடிக்க சொல்லுங்க பொண்ண. அதே மலையில சமணச் சிற்பங்கள் வரிசையா இருக்கு. வர்ற வழியில எட்டயபுரம், பாரதியார் பிறந்த வீடு, மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, உமறுப்புலவர் அடக்கமான இடம், எல்லாம் ஒரே ஊருக்குள்ள. அங்கேருந்து ஓட்டப்பிடாரம் போனா வ.உ.சி. வீடு, பக்கத்துலயே பாஞ்சாலங்குறிச்சி. வ.உ.சி. 1906-ல கப்பல் கம்பெனி தொடங்குனார்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா 1908-ல தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிங்க வேலைநிறுத்தத்துக்கு அவர்தான் முன்னால நின்னார், அதயும் பொண்ணுகிட்ட சொல்லுங்க, தொழில பாக்க வர்றீங்கல்ல.

வள்ளம்77
மே மாசம்னா ஒரு விஷயம் யாருமே சொல்லல. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வர, 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையிலதான் கட்டிக் கிடக்கும். அதனால மீன்பிடித் துறைமுகத்துல நீங்க எதிர்பாக்கிற கூட்டம் இருக்காது, வலை பின்னுறது, பெயின்ட் அடிக்கிறது, மராமத்து வேல இதெல்லாம் பாக்கலாம், அதுவும் பாக்க வேண்டியதுதான். ஏலம் பாக்கணும்னா தூத்துக்குடி தெரேஸ்புரம் வாங்க, நாட்டுப்படகுக்கு தடை இல்ல. ஊளி, பாறை, விளமீன், சீலான்னு கூறு கூறா கொட்டி ஏலம் விடுவாங்க, ஏலக்காரர் விடுற வேகத்துக்கு ஒண்ணும் புரியாது, ரெண்டு மூணு கூறு போனதும் காது பழகிரும். நடுவுல நின்னு செல்பி எடுக்காம ஓரமா நின்னு பாத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அது எங்க அன்னன்னைக்கு சோறு.

சங்கு குளிக்கிறது இன்னும் இருக்கு, முத்துக்குளிப்பு 1961-க்கு அப்புறம் இல்ல. முத்துன்னு சொல்லி ரோட்டுல விக்கிறத வாங்காதீங்க. பெரிய துறைமுகத்துக்குள்ள பாஸ் இல்லாம போக முடியாது, ஆனா துறைமுக ரோட்டுல காத்தாலை இறக்கை ஏத்திக்கிட்டு ஒரு லாரி வரும் பாருங்க, அது ஒரு வளைவு திரும்பறதுக்குள்ள ரோடே நின்னுரும், பாப்பா மறக்காது. பனிமய மாதா கோயிலுக்கு போங்க, திருவிழா ஆகஸ்ட் 5. மக்ரூன் வாங்குனா காத்து போகாத டப்பாவுல போட்டு வைங்க, முட்ட வெள்ளக்கருவும் முந்திரியும் சீனியும்தான், காத்து பட்டா நமத்துப் போயிரும்.

பவானிக்கரை
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கல, ராத்திரி பொண்ண பக்கத்துல உக்கார வச்சு படிச்சு காட்டினேன். மே முதல் வாரம்னு முடிவு பண்ணிட்டோம். முதல் நாள் கோவில்பட்டி, கழுகுமலை, ரெண்டாவது நாள் எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் வழியா தூத்துக்குடி, மூணாவது நாள் விடியக்காலம் அளம், அப்புறம் தெரேஸ்புரம், நாலாவது நாள் உடன்குடி, மணப்பாடு, திருச்செந்தூர். ஆதிச்சநல்லூர் எதுலயும் சேரலைங்க, அந்தக் காலத்துல செத்தவங்கள வச்சு புதைச்ச தாழிய அங்க பாக்கணும்னு பொண்ணு ஒரே பிடிவாதம்.

கரிசல்அக்கா
ஆதிச்சநல்லூர விடாதீங்கண்ணே, திருச்செந்தூர்ல இருந்து திருநெல்வேலி வழியா ஊருக்கு திரும்புனீங்கன்னா போற வழிதான். 2023-ல அங்கயே மியூசியம் திறந்துட்டாங்க, தோண்டுன குழிக்கு மேல கண்ணாடித் தரை, அதுல நின்னு குனிஞ்சா கீழ முதுமக்கள் தாழி எடுத்த இடத்துலயே இருக்கு. 1876-ல ஜெர்மன்காரர் ஜாகோர் முதல்ல தோண்டுனார், அப்புறம் அலெக்சாண்டர் ரீ. அப்படியே ஆழ்வார்திருநகரியும் ரோட்டுமேலதான், நம்மாழ்வார் இருந்த புளியமரம் அங்க இருக்கு. ஏரல் பக்கம் திரும்ப நேரம் இருந்தா கொற்கை, ஒரு காலத்துல பாண்டியரோட முத்துத் துறைமுகம், இப்ப கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போயி சுத்தி வாழைத்தோட்டமா கிடக்குது.

தேரிமண்
நாலு நாள அஞ்சு நாளாக்குங்க அண்ணாச்சி. எங்க ஜில்லா ஆத்தூர்ல ரெண்டு கவுளி வெத்தலையும் வாங்கிக்கோங்க, வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்களுக்கு அத விட பெரிய பரிசு இல்ல.

அளத்துக்காத்து
அண்ணாச்சி, மூணாவது நாளுக்கு சொல்லுதேன். அஞ்சு மணிக்கே கிளம்பி வந்துருங்க. பாப்பாவுக்கு பழைய செருப்பு போடுங்க, உப்புத்தண்ணி பட்ட செருப்ப அப்புறம் போட முடியாது, கால்ல சின்ன காயம் இருந்தா கூட பாத்தியில இறங்க விடாதீங்க, எரிச்சல் தாங்காது. மூணு பேருக்கும் கூலிங் கிளாஸ் எடுத்துக்கோங்க. எங்க அம்மா அது இல்லாமதான் அத்தன வருசமும் வாருனா, இப்ப பக்கத்துல வந்து நின்னாதான் நான்னு தெரியும் அவளுக்கு. பாப்பா வர்ற அன்னைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வாரேன், உப்பு பதம் வந்துட்டான்னு அவ டிகிரி பாக்க மாட்டா, தண்ணிய விரல்ல தொட்டு தேய்ச்சுப் பாத்தே சொல்லிருவா. தேதி முடிவானதும் இன்பாக்ஸ்ல போடுங்க.