புதுப்பிப்பு: பாதி முளைத்த கடைவாய்ப் பல்லில் ரப்பர் டேம் நின்றுவிட்டது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல் பாதிதான் முளைத்திருக்கிறது, வேர் சிகிச்சைக்கு ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றி மறைக்கும் ரப்பர் ஷீட்) போட்டால், அதைப் பல்லில் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் வழுக்கி மேலே வந்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பரமக்குடி டாக்டர் அக்கா சொன்ன 14ஏ கிளாம்ப்தான் கைகொடுத்தது. அதன் நுனிகள் ஈறுப் பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ஈறுக்குக் கீழே போய்ப் பல்லைக் கவ்வுகிறது. ஈறு அழுந்தி வெளுத்துப் போகும், அதனால் மரத்துப்போக ஊசி போடாமல் மாட்ட வேண்டாம். நாலு நுனியும் பதிந்ததா என்று விரலால் அசைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாம்பின் வளைவில் ஃபிளாஸ் நூல் (பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூல்) கட்டுவது கட்டாயம், கிளாம்ப் தெறித்தால் தொண்டைக்குப் போகாது.

எதிர்பாராதது ஷீட் கிழிந்ததுதான். கீழக்கரைச் சூட்டில் அலமாரியில் கிடந்த லேட்டக்ஸ் ரப்பர் ஷீட், துளை போட்டு இழுத்ததுமே பிய்ந்தது. புதுப் பெட்டி இப்போது ஃபிரிட்ஜில், உதவியாளர் தங்கச்சியின் மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில்.