வானத்தில் ஒரு பக்கம் மட்டும் நட்சத்திரம் ஏன் இவ்வளவு நெருக்கம்?

கம்பம்மெட்டு ஜீப்:
ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறேன். விடிகாலை நாலரை மணிக்கெல்லாம் கம்பம்மெட்டு ஏறிவிடுவோம். இந்த மார்ச்சில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கினால் தெற்கே விருச்சிகம், அதன் வால் பக்கம் பால் சிந்தின மாதிரி ஒரே நட்சத்திரம், ஆனால் உச்சியைப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றும்தான். கீழே கம்பம், உத்தமபாளையம் விளக்கெல்லாம் கொத்துக் கொத்தாகவும் நடுவில் வயல் இருட்டாகவும் தெரிகிறதே, மேலேயும் அப்படி ஊர், காடு என்று உண்டா? இல்லை நம் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா? அவ்வளவு நெருக்கம் என்றால் ஒன்றோடு ஒன்று மோதாதா? பின்னால் உட்கார்ந்து வரும் அக்காமார் தினமும் கேட்கிறார்கள்.

நெடுங்கண்டம் டீச்சர்:
தம்பி, நீங்கள் கேட்ட இரண்டுமே உண்மைதான். முதலில் கண்ணுக்குத் தெரிவது. தென்னந்தோப்புக்குள் நின்று நேரே பார்த்தால் மரம் மேல் மரமாகச் சுவர் போலத் தெரியும், அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும், ஆனால் தோப்பு எங்கேயும் ஒரே இடைவெளியில்தான் நட்டிருக்கும். ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஒளியாண்டு; நம் பால்வெளி சுமார் 1,00,000 ஒளியாண்டு அகலமும் 1,000 ஒளியாண்டு கனமும் உள்ள தட்டு, நாம் அதற்குள்ளேயே இருக்கிறோம். விருச்சிகத்தின் வால் பக்கம் பார்க்கும்போது தட்டின் நீளவாக்கில், அதுவும் மையத்தை நோக்கிப் பார்க்கிறீர்கள். உச்சியில் பார்ப்பது தட்டை விட்டு வெளியே. அந்தப் பால் நடுவே கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருப்பது நட்சத்திரம் இல்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள், அது தூசு, பின்னால் இருப்பதை மறைக்கிறது.

இனி உண்மையான நெருக்கம். சூரியனைச் சுற்றிப் பத்து ஒளியாண்டுக்குள் சூரியனையும் சேர்த்து ஒரு டஜன் நட்சத்திரம்தான். மிக அருகில் இருக்கும் பிராக்சிமா சென்டாரியே 4.24 ஒளியாண்டு தள்ளி. வகுப்பில் நான் மிளகை வைத்துச் சொல்வேன்: சூரியனை ஒரு மிளகாக்கிக் கம்பத்தில் வைத்தால் அடுத்த மிளகு திருவனந்தபுரத்தில். ரோட்டுக் கணக்கு இல்லை, நேர்கோட்டில், ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பால்வெளியின் நடுமையத்தில் 3.26 ஒளியாண்டு பக்கமுள்ள ஒரு கனசதுரத்துக்குள் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரம் என்று கணக்கிடுகிறார்கள். தூசு மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில்தான் பார்க்க முடியும். அங்கே எஸ்2 என்ற நட்சத்திரம் மையத்தில் உள்ள கருந்துளையை 16 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றிவருவதைக் கண்காணித்த வானியலாளர்கள் கென்செலும் கெஸ்ஸும் 2020இல் நோபல் வாங்கினார்கள்.

கூடலூர் பைனாகுலர்:
அண்ணே, டீச்சர் சொன்ன மையத்தை நாம் பார்க்க முடியாது, ஆனால் நிஜமாகவே நெருக்கமான ஒன்றை உங்கள் வளைவிலிருந்தே பார்க்கலாம். ஒமேகா சென்டாரி. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரம் பந்தாகத் திரண்டு 17,000 ஒளியாண்டு தள்ளி நிற்கிறது. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரே நட்சத்திரம் போலத்தான் தெரியும். பழைய அட்டவணைகளில் அதை நட்சத்திரம் என்றே எழுதி வைத்திருந்தார்கள், 1677இல் வானியலாளர் ஹாலிதான் இது வேறு என்று குறித்தார். அதன் நடுவில் நட்சத்திரங்களுக்கு இடையே சராசரியாக 0.1 ஒளியாண்டுதான், டீச்சர் மிளகில் சொன்னால் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒன்று.

அப்புறம் மோதல். மிளகுகள் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் எப்போது மோதும்? ஆனால் இந்தப் பந்துகள் ஆயிரம் கோடி வருஷத்துக்கும் மேல் பழையவை, அவ்வளவு காலத்தில் நடுவில் சிலது மோதி ஒன்றாகியிருக்கின்றன. கிழடுகளுக்கு நடுவே இளசு போல நீலமாக மின்னும் நட்சத்திரங்களை 1953இல் வானியலாளர் ஆலன் சாண்டேஜ் எம்3 என்ற பந்தில் கண்டார். அவற்றில் ஒரு பங்கு இப்படி மோதிச் சேர்ந்தவை, மற்றவை ஜோடி நட்சத்திரத்தில் ஒன்று இன்னொன்றின் வாயுவை இழுத்துக்கொண்டு உருவானவை.

போடி ராத்திரி:
காடு உண்டா என்று கேட்டாரே, அதை யாரும் சொல்லவில்லை. நீங்கள் உச்சியில் நட்சத்திரம் குறைவு என்றீர்களே, அங்கே சற்று மேற்கே ஆரஞ்சாக ஒன்று மின்னும், அதுதான் சுவாதி, 37 ஒளியாண்டு தூரம். அது இருக்கும் பூட்டிஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் திசையில், ஏறக்குறைய 70 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், 33 கோடி ஒளியாண்டு அகலத்துக்கு ஒரு வெறுமை இருக்கிறது. 1981இல் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் நம் பால்வெளி போன்ற விண்மீன் மண்டலங்கள் சில டஜன்தான் கிடைத்திருக்கின்றன. மிளகுக் கணக்கெல்லாம் ஒரு பால்வெளிக்குள்தான், மண்டலத்துக்கும் மண்டலத்துக்கும் நடுவே மிளகே கிடையாது என்று சொல்லலாம். நீங்கள் வளைவில் நின்று பார்க்கும் கொத்து விளக்கும் இருட்டு வயலும் அப்படியே அங்கேயும்தான்.

கம்பம்மெட்டு ஜீப்:
மிளகு என்றதும் பின் சீட்டில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது, டீச்சர். அந்த ஒமேகா எங்கே தேட வேண்டும்? நாலரைக்குத் தெரியுமா?

கூடலூர் பைனாகுலர்:
நாலரைக்குத் தென்மேற்கே தாழ்ந்துவிடும், மலை மறைக்கும். இப்போது ராத்திரி இரண்டு மணி வாக்கில் நேர் தெற்கே முப்பது டிகிரி உயரத்தில் இருக்கும். இல்லையென்றால் மே மாதம் வரை பொறுங்கள், இரவு பத்து மணிக்கே அந்த இடத்துக்கு வந்துவிடும். முதலில் சிலுவை போல நாலு நட்சத்திரம், திரிசங்கு, அதைப் பிடியுங்கள், அங்கிருந்து வடகிழக்கே. பைனாகுலர் என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை என்றால் நானே மேலே வருகிறேன்.