நிற்கும்போது மட்டும் குலுங்கும் பிக்கப்: பிரேக்கில் எல்லாம் மாற்றியாச்சு, இன்னும் போகவில்லை

வைகைக்கரை:

வணக்கம். எனக்குச் சோழவந்தான் பக்கம். டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 1,40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. வாரத்தில் நான்கு நாள் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தேனூர், சமயநல்லூர் வழியாக விடிவதற்குள் மாட்டுத்தாவணிக்குப் போய்விடுவேன். திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டிதான்.

இரண்டு மாதமாக ஒரு தொல்லை. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. எண்பதில் போனாலும் ஸ்டீயரிங் ஆடாது. பிரேக் பிடித்து, வேகம் குறைந்து, ஆள் நடக்கிற வேகத்துக்கு வரும்போது சீட்டுக்கு அடியில் கடகடவென்று குலுக்குகிறது. வண்டி நின்ற அடுத்த நொடி பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு தள்ளு. முதல் தடவை பாத்திமா கல்லூரி சிக்னலில் இது நடந்தபோது, பின்னால் வந்த ஷேர் ஆட்டோ இடித்துவிட்டது என்று நினைத்து இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன். ஆட்டோ பத்தடி தள்ளி நிற்கிறது. அந்த அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்ன சொல்ல, ஏறி வந்துவிட்டேன்.

காலி வண்டியில்தான் அதிகம். லோடு ஏற்றினால் பாதியாகக் குறைகிறது. இதுவே எனக்குப் புரியவில்லை, எடை கூடினால் கோளாறும் கூடத்தானே வேண்டும்?

இதுவரை செய்தது: முன் பேடு புதுசு, டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவினோம், பின்னால் லைனிங் புதுசு, டிரம்மையும் கடைந்தாயிற்று. ஒன்பதாயிரத்துச் சொச்சம் போய்விட்டது. இப்போது மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) மாற்றலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

மேலூர் டிரைவர்:

டிஸ்க் வளைந்திருக்கும் அண்ணே. சீவினாலும் சூடானால் திரும்ப வரும். புது டிஸ்க் போடுங்கள்.

வைகைக்கரை:

ஸ்டீயரிங் துளி ஆடவில்லையே தம்பி. டிஸ்க் என்றால் அறுபது எழுபதில் பிரேக் பிடிக்கும்போதே கையில் தெரியாதா?

பெயரிலி:

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்வது) சென்சாரில் துரு ஏறினால் கடைசி ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் லாக் ஆகிவிட்டதாக நினைத்து அது தப்பாக வேலை செய்யும். பெடல் காலுக்கு அடியில் கறகற என்று உதைக்கிறதா? ஃபியூஸைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள்.

வைகைக்கரை:

பெடல் உதைக்கவில்லை சார், அமைதியாகத்தான் இருக்கிறது. ஃபியூஸையும் கழற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்ததுதான் மிச்சம்.

பழைய லாரிக்காரர்:

தம்பி, மாஸ்டர் சிலிண்டருக்கு இப்போது கை வைக்காதே. அது கெட்டால் பெடல் இறங்கும், பிரேக் பலம் குறையும். இப்படிக் குலுக்காது.

பிரேக் பிடிக்கும்போது குலுங்குவதால் குற்றம் பிரேக்கில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரேக் பிடிக்கிற விசை வேறு எதையோ ஆட்டலாம். நான் முப்பது வருஷம் லாரி ஓட்டியவன், இதில் நானும் காசு விட்டிருக்கிறேன்.

மூன்று சோதனை சொல்கிறேன், காலி மைதானத்தில் வைத்துச் செய். முதலில் இருபது வேகத்தில் நியூட்ரலில் போட்டு, பிரேக்கே தொடாமல் தானாக நிற்க விடு. அப்போதும் குலுக்கினால் பிரேக்கை மறந்துவிடு. குலுக்கவில்லை என்றால் அடுத்தது: அதே இருபதில் பெடலைத் தொடாமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக இழு. உன் வண்டியில் அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். அதில் குலுங்கினால் முன்பக்கம் சுத்தம்.

மூன்றாவதுதான் முக்கியம். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கட்டை வைத்து, தெரிந்த ஆளை ஓட்ட வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விடச் சொல். அப்புறம் ரிவர்ஸிலும் அதே மாதிரி. நீ பக்கவாட்டில் தள்ளி நின்று பின் அச்சைக் கவனி. வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ நிற்காதே. அச்சு ஹவுசிங், அதாவது அச்சு உள்ளே இருக்கும் கூடு, பட்டை ஸ்பிரிங்கின் மேல் அசைகிறதா பார்.

சரி, ஒன்று கேட்கிறேன். இது ஆரம்பிப்பதற்கு முன்னால் பின்பக்கம் ஏதாவது வேலை பார்த்தாயா?

வைகைக்கரை:

ஐயா, பார்த்தேன். பொங்கலுக்குக் கரும்பும் வாழையும் கூடுதலாக ஏற்ற வேண்டியிருந்ததால் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டேன். அதற்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேள்வியில் எழுதவில்லை.

பழைய லாரிக்காரர்:

அதைத்தானப்பா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! பட்டை போட்டபின் ஓடி, லோடு ஏறி இறங்கி, எல்லாம் படிந்த பிறகு, பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டைத் திரும்ப முடுக்கினார்களா?

வைகைக்கரை:

இல்லை. வரச் சொன்னார்கள், பொங்கல் வியாபாரத்தில் மறந்துவிட்டேன்.

பழைய லாரிக்காரர்:

அப்படியானால் நாளைக்கு லோடு ஏற்றாதே. முதலில் இரண்டு பக்கமும் பார். பட்டை உட்காரும் இடத்தில் செம்மண் பொடி மாதிரி துருப்பொடி கசிந்திருந்தால், அல்லது இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால், அங்கே அசைவு இருக்கிறது.

நீ பிரேக் பிடிக்கும்போது, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை லைனிங் பிடிக்கிறது. சுற்றிவந்த சக்கரம் தன்னோடு ஹவுசிங்கையும் முன்னால் உருட்டப் பார்க்கும். அதை அசையாமல் பிடித்திருப்பது யூ போல்ட்தான். அது தளர்ந்தால் ஹவுசிங் முன்னே புரண்டு, திரும்பி, மறுபடி புரளும். கடைசி நேரத்தில் லைனிங் பிடிப்பதும் நழுவுவதுமாக இருக்கும், அதில்தான் இந்தக் கடகட அதிகம். வண்டி நின்றதும் முறுக்கிய பட்டை விடுபட்டு ஹவுசிங்கைப் பழைய இடத்துக்குத் தள்ளும், அந்த 'டொக்' அது. லோடு ஏறினால் எடையே பட்டையை அச்சின் மேல் அழுத்திப் பிடிக்கிறது, அதனால்தான் குறைகிறது.

பட்டைகளை நடுவில் கோத்து அச்சை இடம் மாறாமல் வைப்பது சென்டர் போல்ட். அது அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்துவிடும். வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போகும். விளையாட்டில்லை.

வைகைக்கரை (மூன்று நாள் கழித்து):

ஐயா சொன்னபடி செய்தேன். தானாக நின்றபோது ஒன்றுமில்லை. ஹேண்ட் பிரேக்கில் அதே கடகட. மூன்றாவதற்கு மச்சானை ஓட்ட வைத்தேன். அவன் கிளட்ச்சை விட்டதும் இடது பக்க ஹவுசிங் பட்டையின் மேல் ஒரு விரல்கடை புரண்டு திரும்பியது. கண்ணால் பார்த்தபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. இதோடா நான் இத்தனை நாள் பாலம் ஏறி இறங்கினேன்?

கழற்றியபோது இடது பக்கம் இரண்டு நட்டு ஸ்பேனருக்கு எதிர்ப்பே இல்லாமல் வந்தது. சென்டர் போல்ட்டின் தலை அறுந்து குழிக்குள்ளேயே கிடந்தது. அந்தப் பக்க அச்சு பின்னுக்கு நகர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் யூ போல்ட், நட்டு, சென்டர் போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கும் ஸ்பேனர்) இருக்கிற பட்டறையில் கம்பெனி அளவுக்கு முடுக்கினோம். பழைய யூ போல்ட் நீண்டிருக்கும், திரும்பப் போடக்கூடாது என்றார்கள். பிரேக்குக்குச் செலவழித்ததில் கால்பங்குகூட ஆகவில்லை. குலுக்கலும் இல்லை, டொக்கும் இல்லை.

பாலிடெக்னிக் வாத்தியார்:

ஒரு சந்தேகம். முன் பேடு சீக்கிரம் தேய்ந்ததா?

வைகைக்கரை:

ஆமாம் சார், போன தடவை ஓடிய கிலோமீட்டரில் பாதிகூட வரவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பாலிடெக்னிக் வாத்தியார்:

பல பிக்கப்களில் சேஸிஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியோடு வால்வு ஒன்று இருக்கும். வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அது லோடைக் கணக்கிடும். நீங்கள் கூடுதல் பட்டை போட்டதும் பின்பக்கம் உயர்ந்துவிட்டது. லோடு ஏற்றினாலும் வால்வுக்கு வண்டி காலியாகத் தெரியும், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரம் முழுக்க முன் பேடு தலையில். உங்கள் வண்டியில் அது இருந்தால் கம்பியின் அளவைப் புது உயரத்துக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பட்டையைக் கழற்றிவிடுங்கள். நானாக இருந்தால் கழற்றிவிடுவேன்.

வைகைக்கரை:

இருக்கிறது சார், குனிந்து பார்த்தேன். பட்டையை இந்த ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறோம். லோடைக் குறைத்துக்கொள்கிறேன்.

பழைய லாரிக்காரர்:

கழற்றியதும் திரும்ப முடுக்க மறக்காதே.

வைகைக்கரை (பதினைந்து நாள் கழித்து):

பட்டையைக் கழற்றியாச்சு. அதற்கப்புறம் மாட்டுத்தாவணிக்கு ஆறு நடை போய்விட்டு இன்று காலை முடுக்கினேன் ஐயா. வலது பக்கம் அசையவில்லை. இடது பக்கம் ஒரு நட்டு கால் சுற்றுப் போனது.

பழைய லாரிக்காரர்:

அப்போ அடுத்த வாரமும் ஒரு தடவை பார்.